பிள்ளை பசியாறட்டும், பிறகு ஓட்டம்

கழுத்தில் விசிலோடு புதிதாக மைதானத்துக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே! போன கிழமை பயிற்சி முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள்: “டீச்சர், எங்கட நல்ல ஓட்டக்காரப் பிள்ளைகள் எல்லாம் கலியாணம் முடிச்சு, பிள்ளை பெத்ததோட காணாமப் போயிருதுகள். உங்கட காலத்தில ஆரும் திரும்பி வந்தவங்களா?”

வந்தாள், ஒருத்தி. அதைச் சொல்ல ஒரு கோப்பைத் தேநீர் போதாது. அதனால்தான் அன்று சிரித்துச் சமாளித்தேன். இப்போது சொல்கிறேன். பயிற்சி அட்டவணைகளெல்லாம் உங்கள் கைத்தொலைபேசியிலேயே கிடக்கின்றன; அவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அட்டவணையில் இல்லாததைத்தான் சொல்லப்போகிறேன்.

அவள் பெயர் சிவமலர். எல்லாருக்கும் மலர். தேற்றாத்தீவுப் பிள்ளை. ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓட்டத்தில் எங்கள் மாகாணத்தில் அவளுக்கு முன்னால் ஓட ஆளில்லாமல் சில வருடங்கள் போயின. கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவள். மற்றப் பிள்ளைகள் மூச்சு வாங்கும் இடத்தில் இவள் பகிடி சொல்லிக்கொண்டு ஓடுவாள். நான் அப்போது மாவட்டத்தின் ஓட்டப் பயிற்சியாளர். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்.

மலர், குணம் என்று எல்லாரும் கூப்பிடும் குணரெத்தினம் என்ற விவசாயியைக் கலியாணம் முடித்தாள். எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு வட்டையில், அதாவது வயல்வெளியில், இருந்தது. அந்தப் போகம் அங்கே சண்டை. தோணி போகவில்லை, வயல் தரிசாகக் கிடந்தது. குணம் வீட்டில் சும்மா இருந்தார். ஒரு ஓட்டக்காரியின் வாழ்க்கையில் கணவனுக்கு வேலை இல்லாமல் போனது நன்மையாக முடிந்த கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

பெண் குழந்தை பிறந்தது. தர்ஷினி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த கையோடு நான் பார்க்கப் போனேன். மலரின் தாய் பூரணம் அக்கா எனக்கும் சேர்த்துப் பால்சுறா வறை போட்டுச் சோறு தந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவென்று சமைத்ததை நானும் ஒரு பிடி பிடித்தேன். கை கழுவி முடியவில்லை, மலர் கேட்டுவிட்டாள்.

“டீச்சர், நான் எப்ப ஓடலாம்?”

நான் வாய் திறக்கமுன் பூரணம் அக்கா உள்ளிருந்து சத்தம் போட்டார். “என்னகா கேக்காய் நீ? பச்ச உடம்புக்காரி ஓடுறதா? ஓடினா பால் புளிச்சுப் போகும். மறுகா பிள்ளைக்கு என்னத்தக் குடுக்கிற?”

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பிள்ளை பெற்றவளைப் பற்றி ஒரு பக்கம் கூட இருந்ததில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாமல், மலரைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பில் ஒரு பெண் டொக்டரிடம் போனேன். பூரணம் அக்காவும் பிள்ளையோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டார், எங்களை நம்பி விடமுடியாதென்று.

டொக்டர் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “இவ எப்ப தண்ணி அள்ளலாம், எப்ப நெல்லுக் குத்தலாம் எண்டு என்னட்டக் கேட்டா சொல்லுவன். எப்ப ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடலாம் எண்டு இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்ல. வாங்க, மூண்டுபேருமாச் சேந்து கண்டுபிடிப்பம்.” பிறகு மலரைப் பார்த்து, “தும்மினா என்ன நடக்குது?” என்றார்.

மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் முகம் மாறி, சட்டென்று கால்களை ஒடுக்கிக்கொண்டாள். “தும்மத் தேவயில்ல டொக்டர். சிரிச்சாலே ஒண்டுக்குப் போயிருது.”

“அது பிள்ளை பெத்த எல்லாப் பொம்புளைக்கும் உள்ளதுதானே,” என்றார் பூரணம் அக்கா.

“உள்ளதுதான். அதுக்காக அப்பிடியே விடோணுமெண்டு இல்ல,” என்ற டொக்டர், அடிவயிற்றையும் அதற்குக் கீழுள்ள தசைகளையும் இறுக்கி விடும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். “தும்மினாலும் சிரிச்சாலும் ஒண்டும் வராத நாளையில ஓடத் தொடங்கு. அதுவரைக்கும் நட.”

பால் புளிக்கும் விசயத்தையும் பூரணம் அக்கா விடவில்லை. “பிள்ளையட்டயே கேப்பமே,” என்றார் டொக்டர். “ஓடிட்டு வந்து குடுக்கட்டும். புளிச்சா அது முகத்தச் சுளிக்கும்.” பின்னாளில் அந்தச் சோதனையை நாங்கள் செய்தோம். வியர்வையோடு வந்து உட்கார்ந்த மலரிடம் தர்ஷினி ‘மடக் மடக்’ என்று குடித்துவிட்டு, அந்த வாயோடு சிரித்தாள். பூரணம் அக்கா அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாறாக, பயிற்சி முடியும் நேரத்துக்குச் சரியாகக் கஞ்சியோடு நிற்பார்.

அந்த வருட மாகாணப் போட்டிக்கு மலரை இறக்கும்படி என் மேலதிகாரி நெருக்கினார். “அவள் பாதி வேகத்தில ஓடினாலே முதலாமிடம்,” என்றார். அது உண்மை. ஆனால் பாதி வேகத்தில் ஓட அவளுக்குத் தெரியாது. துவக்கு வெடிச் சத்தம் கேட்டால் முழு வேகம்தான். அவள் இன்னும் தும்மும்போது சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மறுத்துவிட்டேன். மேலதிகாரிக்குக் கோபம். மலருக்கு அதைவிடக் கோபம். ஒரு கிழமை என்னோடு பேசவில்லை, என் பங்குக் கஞ்சியும் வரவில்லை. பயிற்சியாளர் வேலையில் இரண்டு பக்கமும் திட்டு விழுகிறதென்றால் அநேகமாக நீங்கள் நடுவில் சரியாக நிற்கிறீர்கள் என்று அர்த்தம். அநேகமாகத்தான் சொல்கிறேன்; எப்போதும் இல்லை.

பிறகு அவள் ஓடத் தொடங்கிய நாள் வந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஒரு கண்ணில் சிரிப்பும் மறுகண்ணில் பயமும் வரும்.

கடற்கரைக்குப் போகக் கட்டுப்பாடு இருந்ததால் ஊர் வீதியிலேயே ஓடுவதென்று முடிவு செய்தோம். அவள் வீட்டிலிருந்து புறப்பட்டு வருவாள், நான் கோயில் சந்தியில் சைக்கிளோடு நிற்பேன். நான் யோசிக்காதது ஒன்று. அந்த நாட்களில் எங்கள் ஊர்களில் ஆரும் காரணமில்லாமல் ஓடுவதில்லை. ஒருவர் ஓடினால் எங்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

மலர் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா அவளைக் கண்டதும் கூடையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். அதைக் கண்ட கடைக்காரர் பலகைகளைச் சாத்தினார். சாத்திய சத்தத்தில் அடுத்த கடைக்காரரும் சாத்தினார். தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்த மலர், ஊரே தன் பின்னால் ஓடிவருவதைக் கண்டு, ஏதோ பெரிதாக நடந்துவிட்டதென்று நினைத்து, இன்னும் வேகமாக ஓடினாள். அவள் வேகம் கூடக் கூட ஊரின் வேகமும் கூடியது.

சந்தியில் நின்ற என் முன்னால் அவளும் அவள் பின்னால் ஊரும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள்.

“என்ன நடந்த?” என்று நான் கேட்டேன்.

“தெரியா. எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடினன்,” என்றார் முன்னால் நின்றவர். “மலர்தான் முதல்ல ஓடின.”

எல்லாரும் மலரைப் பார்த்தார்கள். “நான் பயிற்சிக்கு ஓடினன்,” என்றாள் மலர் மெதுவாக.

பிறகு மீன்காரம்மா சிரிக்கத் தொடங்கினார். அது பரவி, நின்றவர்களில் பாதிப்பேர் வீதியில் குந்தியிருந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், திரும்பிப் பார்க்கும் வரை. சந்திக்கு அப்பால் இருந்த இராணுவக் காவலரணில் மணல் மூட்டைகளுக்கு மேலே துவக்குகள் நிமிர்ந்திருந்தன. ஒருவர் விழுந்து முழங்கால் உரசியதோடு அந்த நாள் முடிந்தது நாங்கள் செய்த புண்ணியம்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, வீராங்கனை தடத்தில் மட்டும் ஓடுவதில்லை. அவளைச் சுற்றி ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊருக்குச் சொல்லாமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

அடுத்த நாள் நானும் மலரும் குணமும் பிள்ளையோடு காவலரணுக்கு நடந்து போனோம். எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். அங்கே பொறுப்பாக நின்றவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். “ஓடட்டும். ஆனால் காவலரணுக்கு முன்னால் ஓடக்கூடாது. நடக்கவேண்டும். கை தெரியவேண்டும்,” என்றார்.

வீதி நெடுகிலும் காவலரண்கள். இரண்டுக்கும் இடையே ஓட்டம், ஒவ்வொன்றின் முன்னாலும் நடை. குணம் பிள்ளையைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு பின்னால் சைக்கிளில் வந்தார். சைக்கிளில் பிள்ளை வந்தால் அது பயிற்சி, பயப்படத் தேவையில்லை என்று ஊர் கண்டுகொண்டது. நான் முதலில் எரிச்சல்பட்டேன். ஒழுங்காகத் தொடர்ந்து ஓடவிடாமல் இது என்ன பயிற்சி என்று. டொக்டரிடம் சொன்னபோது அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். “நான் எழுதித் தந்திருந்தாலும் இப்பிடித்தான் தந்திருப்பன். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. அவட உடம்புக்கு இப்ப அதுதான் சரி.”

அடுத்த வருடம் மாகாணப் போட்டியில் மலர் வென்றாள். தும்மும்போது சுவரைத் தேடுவதும் நின்றிருந்தது. கொழும்பில் தேசியப் போட்டிக்கு எங்கள் குழு புறப்பட்டது. தர்ஷினிக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த நேரம், இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. எனவே குணமும் பிள்ளையும் கூட வந்தார்கள். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். எங்கள் குழுவில் இரும்புக் குண்டை எறியும் குண்டு போடுதல் போட்டிக்கு ஒரு திடகாத்திரமான பிள்ளை இருந்தாள். “என்ன விளையாட்டு எண்டு கேட்டா மட்டும் வாயத் திறக்காத, நான் சொல்லுறன்,” என்று அவளுக்கு ஒவ்வொரு சாவடியிலும் ஞாபகப்படுத்தினேன். ‘நான் குண்டு போடுறவள்’ என்று அவள் சொல்லி, அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டால் எங்கள் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

இறுதி ஓட்டத்தன்று பின்னேரம். மலர் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அப்போது குண்டு போடும் பிள்ளை என்னிடம் விரைந்து வந்தாள்.

“டீச்சர், குணம் அண்ணனையும் பிள்ளையையும் வெளியில செக்பொயின்ரில மறிச்சு வச்சிருக்காங்க.”

நடந்தது இதுதான். தர்ஷினி தகப்பனின் சட்டையில் கக்கா இருந்துவிட்டாள். அவர் ஒரு இரவல் சட்டையை மாற்றிக்கொண்டு, துணி கழுவச் சுடுதண்ணீர் வாங்கலாமென்று பிள்ளையோடு வெளியே தேநீர்க் கடைக்குப் போயிருக்கிறார். அடையாள அட்டை, மலரின் பைக்குள் திணித்த பழைய சட்டையின் பையில் கிடந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த தமிழ் ஆண், கையில் அட்டை இல்லை, அழுகிற பிள்ளை. தாய் எங்கே என்று பொலிஸ் கேட்டிருக்கிறது. “அவ ஓடுறா,” என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறார் குணம். ஏன் ஓடுகிறாள், எங்கே ஓடுகிறாள், யாருக்குப் பயந்து ஓடுகிறாள் என்று கேள்வி வளர்ந்துவிட்டது.

எங்கள் குழு முகாமையாளர் நல்ல மனுசன். “மலரிட்ட இப்ப சொல்லாதீங்க. நான் போய்ப் பாக்கிறன். ஓடி முடியட்டும்,” என்றார்.

யோசிக்க அதிக நேரமில்லை. சொன்னால் ஓட்டம் கெடலாம். அதற்காக அவள் பட்ட பாடெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ஓடி முடித்து என்னிடம் சிரித்துக்கொண்டு வருவாள். அப்போது நான் எந்த முகத்தோடு நிற்பது? அந்தக் காலத்தில் மறித்து வைக்கப்பட்ட ஒரு ஆண் ஒரு மணித்தியாலத்தில் எங்கே கொண்டுபோகப்படுவான் என்று ஆருக்கும் தெரியாது. பிள்ளை அவளுடையது, கணவன் அவளுடையவர், கால்களும் அவளுடையவை. முடிவை மட்டும் நான் எப்படி எடுப்பது?

போய்ச் சொன்னேன்.

மலர் அழவில்லை. “பிள்ளை அழுகுதாமா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஓம்.”

“அப்ப வாங்க.”

பையைக் கிளறிப் பழைய சட்டையை எடுத்தாள். அட்டை அதற்குள்தான் இருந்தது, நனைந்து, மணத்தோடு. வாசலைத் தாண்டியதும் அவள் கால் ஓட எழும்பியது. நான் கையைப் பிடித்தேன். “நட மலர். கையக் காட்டிக்கொண்டு நட.” எத்தனையோ ஓட்டங்களுக்கு வீராங்கனைகளோடு போயிருக்கிறேன். அந்தச் சிறு தூரம் நடந்ததுபோலக் கடினமான ஒன்றை நான் கண்டதில்லை.

சாவடியில் குணம் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார், முகம் வெளிறியிருந்தது. பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். ஒரு பொலிஸ்காரர் அவளுக்கு முன்னால் பூட்டுத் திறப்புக் கோர்வையைக் கிலுகிலுக்க ஆட்டிக்கொண்டிருந்தார். மலர் “தங்கம்!” என்று கூப்பிட்டாள். தர்ஷினி திரும்பினாள். அந்தக் கணமே மலரின் ஓட்டச் சட்டை பால் சுரந்து இரண்டு பக்கமும் தானாக நனைந்தது. பொறுப்பதிகாரி அதைக் கண்டார், உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தாய் யார் என்று அதன் பிறகு ஆரும் கேட்கவில்லை.

மலர் நெஞ்சில் குத்திய எண்ணோடு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அதிகாரி அடையாள அட்டையை இரண்டு விரலால் பிடித்தார். “இது என்ன மணம்?”

“பிள்ளையின் மணம் சேர்,” என்றேன் சிங்களத்தில். திறப்பு ஆட்டியவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதிகாரிக்கும் உதடு துடித்தது.

“எந்த ஓட்டம்?”

“ஆயிரத்தைந்நூறு.”

“எப்போது?”

“இப்போது.”

“அப்படியென்றால் இங்கே ஏன் இருக்கிறீர்கள்? போங்கள், எல்லாரும் போங்கள்!”

நான் மலரின் தோளைத் தொட்டேன். “மலர், விட்டிட்டாங்க. சுறுக்கா எழும்பு.”

“மற்றப் பக்கமும் குடுத்திட்டுத்தான் வருவன் டீச்சர். பாரத்தோட ஓடேலா. பிள்ளை பசியாறட்டும், மறுகா ஓட்டம்.”

மைதான ஒலிபெருக்கியில் அடுத்த போட்டியின் பெயர் கேட்கிறது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்க்கிறார். குணம் என்னைப் பார்க்கிறார். நான் பிள்ளையைப் பார்க்கிறேன். தர்ஷினி உலகத்தில் ஒரு அவசரமும் இல்லாமல் குடித்துக்கொண்டிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு நிற்பதும் பயிற்சியாளரின் வேலைதான் என்று அன்று படித்தேன்.

நாங்கள் திரும்பியபோது வீராங்கனைகளை வரிசைப்படுத்தும் இடத்தில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே பொறுப்பாக இருந்த பெண்மணி கண்டிப்புக்குப் பேர்போனவர். கடைசிப் பெயராக மலரைக் கூப்பிட்டு, நிமிர்ந்து அவள் நனைந்த சட்டையைப் பார்த்தார். “இதோடு ஓடமுடியாது. சட்டையை மாற்று. எண் நேராக இருக்கவேண்டும்,” என்றார். மாற்றுச் சட்டை இல்லை. குண்டு போடும் பிள்ளை தன் குழுச் சட்டையைக் கழற்றி நீட்டினாள்; உள்ளே இன்னொரு சட்டை போட்டிருந்தாள். அது மலருக்கு முழங்காலைத் தொட்டது. காற்சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். செருகியது முதற் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டது. எதிர்க்காற்றில் அந்தச் சட்டை தோணிப் பாய்போல ஊதியது. பார்வையாளர்கள் சிரித்தார்கள்.

மணி அடித்துக் கடைசிச் சுற்றுத் தொடங்கியபோது அவள் பின்னால் இருந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கடந்தாள். கடைசி வளைவில் காற்று முதுகுப் பக்கம் திரும்பியது. சிரித்த சனம் எழுந்து நின்று கத்தியது. மலர் மூன்றாவதாக வந்தாள்.

நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். ஒரு பத்திரிகைக்காரர் வந்து, இவ்வளவு பேரைக் கடக்கும்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“எனக்கு நித்திரை வருது,” என்றாள் மலர்.

அவர் அதை எழுதிக்கொண்டாரோ தெரியாது. அது முழு உண்மை. பல் முளைக்கும் பிள்ளையோடு அவள் ஒரு இரவாவது ஒழுங்காகத் தூங்கி எத்தனையோ மாதம். மரத்தடிப் புல்லில் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தவள் அப்படியே உறங்கிவிட்டாள்.

சற்று நேரத்தில் பதக்கம் கொடுக்க ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். மலரின் பெயர் ஒருமுறை வந்தது. திரும்பவும் வந்தது. முகாமையாளர் ஓடிவந்தார். “எழுப்புங்க டீச்சர், எழுப்புங்க! எங்கட மாவட்டத்துக்கு எத்தின வருசத்துக்குப் பிறகு!”

நான் குனிந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. தோணிப் பாய் போன்ற அந்தச் சட்டை மூச்சுக்கு ஏறி இறங்கியது. நிமிர்ந்துவிட்டேன். “குணம், நீங்க போங்க,” என்றேன்.

“நானா?”

“பிள்ளையோட போங்க.”

இரவல் சட்டையும் பாட்டாச் செருப்புமாகக் குணம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவே நடந்தார். மேடையருகே அந்தக் கண்டிப்பான பெண்மணி மறித்தார். ஓடியவர் எங்கே என்று கேட்டிருக்கவேண்டும். குணம் மரத்தடியைக் காட்டினார். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து, தூங்குகிறவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு விலகி வழி விட்டார்.

மூன்றாம் படியில் குணம் ஏறி நின்றார். பதக்கத்தைத் தர்ஷினியின் கழுத்தில் போட்டார்கள். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து, முளைத்த பல்லால் கடித்துப் பார்த்தாள். மைதானம் முழுவதும் கைதட்டியது, விசில் அடித்தது, பாண்ட் வாத்தியம் முழங்கியது.

மலர் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். எழும்பவில்லை.